ஒரே விடுதி, இரண்டு ஆய்வுகள்: பெரியவர்களின் பார்வை குழந்தையை என்ன செய்கிறது

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்ற ஊரில் ஓர் அனாதை விடுதி இருந்தது. உள்நாட்டுப் போரில் இறந்த சிப்பாய்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது என்பதால் அதன் பெயரே 'சிப்பாய்களின் அனாதைகள் இல்லம்' என்றுதான் இருந்தது. 1930-களில் அங்கே இருந்த எல்லோரும் அனாதைகள் இல்லை. பொருளாதார வீழ்ச்சிக் காலம், வளர்க்க வழியில்லாமல் பெற்றவர்களே கொண்டுவந்து விட்டுப்போன பிள்ளைகளும் இருந்தார்கள். இந்த ஒரே விடுதியில், ஏறத்தாழ ஒரே சமயத்தில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு ஆய்வுகள் நடந்தன. ஒன்றில், யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த கைக்குழந்தைகளை வேறிடத்தில் சிலர் தூக்கிக் கொஞ்சினார்கள். இன்னொன்றில், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் 'உன் பேச்சில் கோளாறு இருக்கிறது' என்று சொன்னார்கள். இரண்டின் அறிக்கையும் எழுதப்பட்ட ஆண்டு 1939.

இவற்றைத் தனித்தனியாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. காரணம் இதுதான். 'பெரியவர்களின் மனப்பான்மை குழந்தையைப் பாதிக்கும்' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், யாரும் மறுப்பதில்லை. ஆனால் மனப்பான்மை என்பது பெரியவரின் தலைக்குள் இருக்கிற ஒன்று. அது அங்கிருந்து கிளம்பிக் குழந்தையின் நாக்குக்கோ காலுக்கோ எப்படிப் போய்ச் சேருகிறது? அந்த வழி தெரியாதவரை இந்தப் பேச்சு வெறும் உபதேசம்தான். இந்த விடுதியில் அந்த வழி கண்ணுக்குத் தெரிகிறது.

முதலில் கைக்குழந்தைகள்

டேவன்போர்ட் விடுதியில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் எப்படி இருந்தார்கள் என்பதை அங்கே உளவியலாளராக வேலை பார்த்த ஹரால்ட் ஸ்கீல்ஸ் எழுதிவைத்திருக்கிறார். மருத்துவமனைத் தொட்டில், பக்கவாட்டில் பெரும்பாலும் துணி மறைப்பு. அதனால் குழந்தைக்குக் கண்ணுக்கு எட்டிய தூரம் துணியும் கூரையும்தான். பொம்மை எதுவும் தொங்கவில்லை. செவிலியர்கள் வருவார்கள், கைப்பழக்கத்தால் வந்த வேகத்தில் துணி மாற்றுவார்கள், குளிப்பாட்டுவார்கள், மருந்து கொடுப்பார்கள், பால் புட்டியை முட்டுக்கொடுத்து வாயில் வைத்துவிட்டு அடுத்த தொட்டிலுக்குப் போவார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, பட்டினி போடவில்லை. சுத்தம், மருந்து, பால் எல்லாம் நேரத்துக்கு நடந்தது. இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் கொடுமை என்றதும் நம் மனதில் வருகிற எதுவும் இங்கே இல்லை.

கொஞ்சம் வளர்ந்த பிறகு, ஒரு மேட்ரனின் பொறுப்பில் முப்பது முப்பத்தைந்து பிள்ளைகள் இருக்கும் குடிலுக்கு அனுப்புவார்கள். மேட்ரனுக்கு உதவி, விடுதியிலேயே வளர்ந்த பதின்மூன்று பதினைந்து வயதுப் பெண்கள் மூன்று நான்கு பேர். அவர்களுக்கு அந்த வேலையில் விருப்பமும் கிடையாது.

இங்கிருந்த இரண்டு பெண் குழந்தைகள்தான் கதையின் தொடக்கம். அறிக்கையில் அவர்கள் சி.டி., பி.டி. என்று முதலெழுத்துகளாக மட்டும் வருகிறார்கள். ஒருத்திக்கு 13 மாதம், இன்னொருத்திக்கு 16 மாதம். ஆனால் வளர்ச்சி ஆறேழு மாதக் குழந்தை அளவுக்குத்தான் இருந்தது. நுண்ணறிவு அளவெண், அதாவது ஐக்யூ, ஒருத்திக்கு 46, மற்றவளுக்கு 35. மெலிந்து, மூக்கு ஒழுகி, நாள் முழுக்க உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு சிணுங்கிக்கொண்டே இருப்பார்கள். இவர்களைத் தத்துக் கொடுக்க முடியாது என்று முடிவுசெய்து, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான மாநில விடுதிக்கு மாற்றினார்கள். அன்றைய வழக்கப்படி அப்படி ஒரு இடத்துக்குப் போனவர்கள் திரும்புவது அபூர்வம். கைகழுவிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆறு மாதம் கழித்து ஸ்கீல்ஸ் வேறு வேலையாக அந்த விடுதிக்குப் போனார். ஒரு வார்டில் இரண்டு குழந்தைகள் சிரித்துக்கொண்டு, ஓடிக்கொண்டு, பெரியவர்களோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். யார் இவர்கள் என்று பார்த்தால் அதே சி.டி., பி.டி. அவருக்கே அடையாளம் தெரியவில்லை. சோதித்துப் பார்த்தார், அளவெண் 77, 87. நம்பாமல் மறுபடியும் சில மாத இடைவெளிகளில் சோதித்தார். மூன்றரை வயது வாக்கில் இருவருமே 90-ஐத் தாண்டி, சாதாரணக் குழந்தைகளின் எல்லைக்குள் வந்துவிட்டார்கள்.

இடையில் நடந்தது என்ன? சிறப்புப் பயிற்சி எதுவும் இல்லை. அந்த வார்டில் இருந்தவர்கள் 18 முதல் 50 வயது வரையிலான பெண்கள். அவர்களுடைய மனவயது, அதாவது அறிவு வளர்ச்சி எந்த வயதுக் குழந்தைக்குச் சமம் என்ற கணக்கு, ஐந்திலிருந்து ஒன்பதுக்குள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் உண்டு. குழந்தைகள் வந்ததும் ஒருத்தி தன் குழந்தையாகவே எடுத்துக்கொண்டாள், மற்றவர்கள் அத்தை சித்தி மாதிரி ஆனார்கள். ஊழியர்களும் சேர்ந்துகொண்டார்கள். தங்கள் விடுமுறை நாளில் குழந்தையைக் காரில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போவார்கள், பொம்மை வாங்குவார்கள், படப்புத்தகம் வாங்குவார்கள். பிறகு இன்னும் குழந்தைகள் வந்தபோது வார்டுகளுக்குள் போட்டியே வந்துவிட்டது. எந்த வார்டுப் பாப்பா முதலில் நடக்கும், எது முதலில் பேசும் என்று!

எனக்கு இந்தப் போட்டி விவரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. போட்டி போடுகிறவர் எதைப் பார்ப்பார்? குழந்தை இன்று புதிதாக என்ன செய்தது என்றுதான் பார்ப்பார். அது ஓர் அடி எடுத்து வைத்ததும் வார்டே கைதட்டும். எல்லோரையும் கூப்பிட்டு, மறுபடியும் நடக்கச் சொல்லி, விழுந்தால் தூக்கி, இன்னொரு தடவை நடக்க விடுவார்கள். டேவன்போர்ட் செவிலியர்களுக்கு நிச்சயமாகக் குழந்தை வளர்ப்பு இந்தப் பெண்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் குழந்தை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவர்களுக்கு அன்றைய வேலை ஒன்றுதான்.

அரசின் தயக்கத்தையெல்லாம் தாண்டி, ஸ்கீல்ஸ் மேலும் குழந்தைகளை இப்படி அனுப்ப அனுமதி வாங்கினார். பதிவேட்டில் அவர்களை 'விருந்தினர்' என்று எழுதிக்கொண்டார்கள், மனவளர்ச்சி குன்றியவர் என்ற முத்திரை விழாமல் இருக்க. மொத்தம் 13 பேர், எல்லோரும் மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள், தொடக்கத்தில் சராசரி அளவெண் 64. அங்கே சராசரியாக ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அளவெண் ஏறியது. குறைந்தது 7 புள்ளி, அதிகபட்சம் 58. ஒரே ஒருவரோடு நெருக்கமான உறவு கிடைத்த குழந்தைகளுக்கு அதிகமாக ஏறியது, பலரிடமும் பொதுவாகப் பழகியவர்களுக்குக் குறைவாக.

பிறகு பழைய பதிவேடுகளைப் புரட்டி, டேவன்போர்ட்டிலேயே தங்கிவிட்ட 12 குழந்தைகளின் கணக்கை எடுத்தார்கள். தொடக்கத்தில் இவர்கள்தான் 'நல்ல நிலை'. சராசரி 86.7. இவர்களில் பெரும்பாலானவர்களைத் தத்துக் கொடுக்கலாம் என்றே எண்ணியிருந்தார்கள், பல காரணங்களால் அது நடக்காமல் போயிற்று. கடைசியில் சராசரி 60.5. அதாவது 26 புள்ளி சரிவு. யாரும் எதுவும் செய்யாமலே.

அன்று இதை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. நுண்ணறிவு பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது என்பது உளவியல் துறையின் அன்றைய பெரிய தலைகளின் நம்பிக்கை. லூயிஸ் டெர்மன், புளோரன்ஸ் குடினஃப், குவின் மெக்னிமார் எல்லோரும் அயோவா ஆய்வுகளைக் கடுமையாக விமர்சித்தார்கள், கேலியும் நடந்தது. விமர்சனத்தில் நியாயமும் இருந்தது. எண்ணிக்கை மிகச் சிறியது, குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, கைக்குழந்தைக்கு எடுக்கிற அளவெண்ணை அவ்வளவு நம்பவும் முடியாது. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

ஆனால் ஸ்கீல்ஸ் விடவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அந்த 25 பேரையும் தேடிக் கிளம்பினார். 1966-ல் அறிக்கை வந்தது. இடம் மாறிய 13 பேரும் தங்கள் காலில் நின்றார்கள், ஒருவரும் எந்த விடுதியிலும் இல்லை. 11 பேரைக் குழந்தையிலேயே குடும்பங்கள் தத்தெடுத்திருந்தன. சராசரிப் படிப்பு பள்ளியிறுதி வரை. டேவன்போர்ட்டில் தங்கிய 12 பேரில் ஒருவர் விடலைப் பருவத்திலேயே விடுதியில் இறந்துபோனார், நான்கு பேர் அப்போதும் விடுதிகளில்தான் இருந்தார்கள், சராசரிப் படிப்பு மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. தத்தெடுத்த குடும்பங்களின் பங்கு இதில் பெரிது என்பது வெளிப்படை. ஆனால் அளவெண் 46-ல் நின்றிருந்தால் தத்தெடுக்க யார் வந்திருப்பார்கள்? முதலில் கொஞ்சல், அதனால் வளர்ச்சி, அதனால் குடும்பம். ஒன்று இன்னொன்றுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

1968-ல் ஸ்கீல்ஸுக்குக் கென்னடி அறக்கட்டளையின் விருது கிடைத்தது. அந்த மேடையில், கோட்டு போட்டு நின்று பேசியவர்களில் ஒருவர், அந்தப் 13 குழந்தைகளில் ஒருவராக இருந்தவர். பட்டதாரி.

அடுத்து, பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள்

இரண்டாவது கதை சொல்லக் கொஞ்சம் கஷ்டமானது.

வெண்டல் ஜான்சன் அயோவா பல்கலைக்கழகத்தில் பேச்சுக் கோளாறுகளை ஆராய்ந்தவர். அவரே கடுமையாகத் திக்குகிறவர். சின்ன வயதில் தான் சரியாகத்தான் பேசினேன், பெரியவர்கள் இவன் திக்குகிறான் என்று சொன்ன பிறகுதான் திக்க ஆரம்பித்தேன் என்பது அவருடைய நம்பிக்கை. திக்கல் குழந்தையின் வாயில் தொடங்கவில்லை, பெற்றவரின் காதில் தொடங்குகிறது என்பதுதான் பிற்காலத்தில் அவருடைய கோட்பாட்டின் சாரம். எல்லாக் குழந்தையும் பேசப் பழகும்போது தடுமாறும், ஒரே சொல்லை இரண்டு மூன்று முறை சொல்லும். அதைக் கேட்டு ஒரு பெரியவர் பதறுகிறார், பெயர் வைக்கிறார், குழந்தையும் பதறுகிறது, அந்தப் பதற்றமே திக்கலாகிறது என்றார்.

இதைச் சோதிக்க அவர் தன் முதுகலை மாணவி மேரி டியூடரை டேவன்போர்ட்டுக்கு அனுப்பினார். 1939 ஜனவரியிலிருந்து மே வரை. விடுதியின் 256 பிள்ளைகளிலிருந்து 22 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பத்துப் பேர், திக்குகிறவர்கள் என்று ஏற்கெனவே ஆசிரியர்களும் மேட்ரன்களும் அடையாளம் காட்டியவர்கள். பன்னிரண்டு பேர் சாதாரணமாகப் பேசுகிறவர்கள். அந்தப் பன்னிரண்டில் ஆறு பேரிடம், உன் பேச்சில் நிறையத் தொந்தரவு இருக்கிறது, திக்கல் தொடங்குவதற்கான அறிகுறிகள் தெரிகின்றன, உடனே நிறுத்து, மனவலிமையைப் பயன்படுத்து, சரியாகச் சொல்ல முடியுமென்றால் மட்டும் வாயைத் திற என்ற பொருளில் டியூடர் பேசினார். பிள்ளைகளோடு நிறுத்தவில்லை. ஆசிரியர்களிடமும் மேட்ரன்களிடமும், இவர்கள் பேசுவதைக் கவனியுங்கள், தடுமாறினால் நிறுத்தித் திருத்துங்கள் என்று சொல்லிவைத்தார். அவர்களுக்கு உண்மை தெரியாது. உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்தார்கள்.

டியூடர் சில வாரங்களுக்கு ஒருமுறைதான் வந்தார். ஒவ்வொரு பிள்ளையோடும் பேசியது முக்கால் மணி நேரம் இருக்கும். ஆனால் இடைப்பட்ட நாட்களில், வகுப்பில், சாப்பாட்டு மேசையில், படுக்கும் அறையில், சுற்றியிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் அந்த ஆறு பேரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனப்பான்மை பயணப்பட்ட வழி இதுதான் என்பது என் எண்ணம். ஆய்வாளர் வந்து சொன்ன வார்த்தையைவிட, அதற்குப் பிறகு நாள்தோறும் நடந்த கவனிப்பு.

டியூடரின் குறிப்புகளைப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது. ஐந்து வயதுப் பெண், போன மாதம் தாராளமாகப் பேசியவள், இப்போது பேசவைப்பதே பெரும்பாடாக இருக்கிறது. ஒன்பது வயதுப் பெண் ஏறக்குறைய பேசவே மறுக்கிறாள், பேசும்போது கையால் கண்ணை மறைத்துக்கொள்கிறாள். பதினொரு வயதுப் பையன், ஒரு சொல் வருவதற்கு முன்பே அதில் தனக்குச் சிக்கல் வரப்போகிறது என்று எச்சரிக்கிறான். எப்படித் தெரியும் என்று கேட்டால், உள்ளே மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்கிறான். பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம், உன் திக்கல் பற்றி உன் நெருங்கிய தோழிக்குத் தெரியுமா என்று கேட்கிறார் டியூடர். தெரியாது. ஏன்? காலைத் தேய்த்துக்கொண்டு சொல்கிறாள், அவளோடு நான் அதிகம் பேசுவதே இல்லை என்று.

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, குழுவிலேயே மூத்தவள். அவள் பேச்சில் இப்போது 'ஆ... ஆ...' என்ற ஒலி அடிக்கடி வருகிறது, விரலையும் சொடுக்கிக்கொள்கிறாள். ஏன் அந்த ஒலி? அடுத்த சொல்லைச் சொல்ல முடியாதோ என்று பயம். ஏன் சொடுக்கினாய்? அந்த ஒலியை எழுப்பிவிடுவேனோ என்று பயம்.

இந்தக் கடைசிப் பதிலை நான் பல தடவை திரும்பப் படித்தேன். பயத்துக்கு ஒரு பயம், அதற்கு மேல் இன்னொன்று. நான்கு மாதத்தில்!

எண்ணிக்கையில் வராத பாதிப்பு

சரி, அந்த ஆறு பேருக்கும் திக்கல் வந்ததா? இங்கேதான் நிறையக் கட்டுரைகள் தவறாக எழுதுகின்றன. அனாதைப் பிள்ளைகளைத் திக்குவாய் ஆக்கினார்கள் என்பது பரபரப்பான தலைப்பு. ஆனால் 2002-ல் நிக்கோலின் அம்புரோஸ், எஹுட் யாய்ரி என்ற இரண்டு பேச்சு ஆய்வாளர்கள் டியூடரின் பட்டியல்களை எடுத்து மறுபடியும் கணக்குப் போட்டார்கள். திக்கல் உருவானதற்கு அதில் ஆதாரம் இல்லை என்றார்கள். திக்கலுக்கு மரபணுவும் மூளை இயக்கமும்தான் முக்கியமான அடிப்படை என்பது இன்று நன்றாகத் தெரிந்த விஷயம். ஜான்சனின் கோட்பாடு தோற்றுவிட்டது. தோற்பதற்கு முன்னால் பல பத்தாண்டுகள், திக்குகிற குழந்தையின் பெற்றோர் எல்லாம் நம்மால்தான் என்று குமைந்ததுதான் அது விட்டுப்போன மிச்சம். பெரியவர்களின் மனப்பான்மை எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்வதிலும் ஒரு கொடுமை இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் திக்கல் வரவில்லை என்பதால் பாதிப்பு இல்லை என்று ஆகிவிடுமா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆய்வாளர்கள் எண்ணியது தடுமாறிய சொற்களை. வாயே திறக்காத குழந்தை எத்தனை சொல்லில் தடுமாறும்? மௌனம் அந்தக் கணக்கில் பூஜ்யமாகத்தான் விழும், நல்ல மதிப்பெண் மாதிரி! குறிப்புகளில் எல்லாம் பேச மறுத்தல், முகத்தை மறைத்தல், தோழியை விட்டு விலகுதல், பள்ளிப் படிப்பில் சரிவு. அட்டவணையிலோ பெரிதாக ஒன்றும் இல்லை.

இது அந்தப் பழைய ஆய்வோடு முடிகிற சிக்கலும் இல்லை. பதற்றம் உள்ளே போய்விட்ட குழந்தை தொந்தரவு தருவதில்லை. கத்துகிற பிள்ளையை, அடிக்கிற பிள்ளையை ஆலோசகரிடம் அழைத்துப் போவோம். தப்பாகிவிடுமோ என்று கையைத் தூக்காமலே உட்கார்ந்திருக்கும் பிள்ளையை 'அமைதியான சுபாவம்' என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிடுவோம். நானே என் பிள்ளையைப் பற்றி அப்படி எழுதி வந்ததைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். அப்புறம்தான் அவன் வீட்டில் வீட்டுப்பாடத்தை அழித்து அழித்துத் தாளே கிழிந்துபோகும் வரை எழுதுகிறான் என்று கவனித்தேன். அழிப்பானை வாங்கிக் கொடுத்ததும், ஒவ்வொரு வரியையும் பக்கத்தில் நின்று பார்த்ததும் நான்தான்.

டியூடருக்கு மனம் கேட்கவில்லை. ஆய்வு முடிந்த பிறகு அவராகவே மூன்று தடவை விடுதிக்குத் திரும்பிப் போய், உங்களுக்கு எந்தக் கோளாறும் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தார். 1940-ல் ஜான்சனுக்கு எழுதிய கடிதத்தில், காலப்போக்கில் சரியாகிவிடுவார்கள் என்று நம்புகிறேன், ஆனால் அவர்கள் மனதில் நாம் நிச்சயமாக ஒரு தடத்தைப் பதித்துவிட்டோம் என்ற பொருளில் எழுதினார்.

ஏன் திரும்ப அழிக்க முடியவில்லை? என் கணிப்பு இது. ஜான்சன் சொன்ன அந்தக் காது, குறைகேட்கும் காது, மே மாதத்துக்குள் இடம் மாறிவிட்டது. முதலில் அது மேட்ரனிடம் இருந்தது. பிறகு பிள்ளைகள் தாங்களே தங்கள் பேச்சை அந்தக் காதால் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சொல் வருவதற்கு முன்பே எச்சரித்த அந்தப் பதினொரு வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள், அவனைத் திருத்த இனி வெளியாள் யாரும் தேவையில்லை. அப்படி ஆன பிறகு, வெளியிலிருந்து ஒருவர் வந்து நீ நன்றாகத்தான் பேசுகிறாய் என்று மூன்று தடவை சொல்வதால் என்ன ஆகும்? கட்டுவதற்கு எத்தனை பேர் எத்தனை நாள் பார்த்தார்களோ, அவிழ்ப்பதற்கும் கிட்டத்தட்ட அத்தனை தேவைப்படும்.

ஜான்சன் இந்த ஆய்வை வெளியிடவில்லை. ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் தூங்கியது. சக ஆய்வாளர்கள் அதற்கு வைத்த பெயர் 'அரக்க ஆய்வு'. 2001-ல் ஒரு செய்தித்தாள் வெளிக்கொண்டுவந்த பிறகுதான், அந்தப் பிள்ளைகளுக்கு, அதற்குள் எழுபதை நெருங்கியும் தாண்டியும் இருந்தவர்களுக்கு, நடந்தது சோதனை என்றே தெரியவந்தது. அதுவரை அந்த அக்கா தங்களுக்கு உதவ வந்தவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். டியூடர் வரும்போது பிள்ளைகள் காரை நோக்கி ஓடிவருவார்களாம், சாமான்களைத் தூக்கிக்கொண்டு வருவார்களாம். பிள்ளைகளைத் தன்னை நம்பவைத்துவிட்டு இப்படிச் செய்தோமே என்பதுதான் முதுமையில் டியூடரை வாட்டியது. உண்மை தெரிந்ததும் அந்தப் பிள்ளைகளில் ஒருவராக இருந்த பெண்மணி, நீ என் வாழ்க்கையையே அழித்துவிட்டாய் என்று டியூடருக்குக் கடிதம் எழுதினார். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது, வழக்கு நடந்தது, 2007-ல் மாநில அரசு 9,25,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. மூவர் அப்போது உயிரோடு இருந்தார்கள், மற்ற மூவருக்கான பணம் வாரிசுகளுக்குப் போனது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்

மூன்று விதமான பார்வைகள் தெரிகின்றன. தொட்டிலருகே வந்துபோன செவிலியரின் பார்வை வேலையைப் பார்த்தது, குழந்தையைப் பார்க்கவில்லை. வார்டுப் பெண்களின் பார்வை குழந்தை இன்று என்ன புதிதாகச் செய்தது என்று தேடியது. எச்சரிக்கப்பட்ட மேட்ரன்களின் பார்வையும் குழந்தை மேலேயே இருந்தது, ஆனால் அது பிழையைத் தேடியது. கவனம் கொடுங்கள், கவனம் கொடுங்கள் என்று பெற்றோருக்குப் பொதுவாகச் சொல்கிற அறிவுரையில் எனக்கு இதனால்தான் கொஞ்சம் தயக்கம். கவனம் இரண்டாவது வகையா மூன்றாவது வகையா என்று கேட்காவிட்டால் அந்த அறிவுரையால் தீங்குகூட வரலாம்.

இன்னொன்று. இந்த மூன்றிலும் கெட்ட எண்ணம் உள்ளவர் யாரும் இல்லை. செவிலியர்கள் வேலைப்பளுவில் இருந்தார்கள். மேட்ரன்கள் நிபுணர் சொன்னதை நம்பினார்கள். அன்பு இருந்தால் போதும் என்கிறோமே, அன்பு உள்ளவர்தான் அதிகமாகத் திருத்துகிறார். இவனுக்குப் பிற்காலத்தில் கஷ்டமாகிவிடுமோ என்கிற பயம் அன்பிலிருந்துதான் வருகிறது. குழந்தைக்கோ அந்த அன்பு தெரிவதில்லை. தான் வாயைத் திறந்ததும் அம்மாவின் புருவம் சுருங்குவது தெரிகிறது.

அயோவா ஆய்வுகள் சிறியவை, குறைகள் உள்ளவை என்றேன். பிறகு வந்தவை கொஞ்சம் உறுதியானவை. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில், 2001-ல் தொடங்கி, சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா குழுவினர் விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி மேலே போனது, இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்கு இன்னும் அதிகமாக. பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. ஸ்கீல்ஸ் கண்ணால் பார்த்ததை இவர்கள் முறையாக நிறுவினார்கள். அங்கேயும் மீதிப் பாதிப் பேரைப் பற்றிய கேள்வி இருக்கத்தான் செய்தது, அது இன்றும் விவாதிக்கப்படுகிறது.

திக்குகிற குழந்தை வீட்டில் இருப்பவர்களுக்குப் பேச்சுச் சிகிச்சையாளர்கள் இன்று சொல்வதைக் கேட்டால் டியூடரின் வாசகங்களைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது போல இருக்கும். மெதுவாகச் சொல்லு, மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு என்று சொல்லாதீர்கள். அது சொல்லவந்த சொல்லை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். அதை மெதுவாகப் பேசச் சொல்வதற்குப் பதிலாக நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். எப்படிச் சொல்கிறது என்பதை விட்டுவிட்டு என்ன சொல்கிறது என்பதற்குப் பதில் சொல்லுங்கள். அதே சமயம், பேசாமல் விட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று ஒளித்துவைக்கவும் வேண்டாம், தடுமாறுகிறது என்று குழந்தையே சொன்னால் ஆமாம், சில சமயம் சொல் வரச் சிரமமாகத்தான் இருக்கும் என்று சாதாரணமாக ஒப்புக்கொள்ளலாம், சிகிச்சையாளரைப் பார்க்கலாம். பேச்சுக்கு மட்டும் என்றில்லை, கணக்குக்கும் ஓட்டத்துக்கும் கையெழுத்துக்கும் இதே முறையை வைத்துப் பார்த்தேன், பெரும்பாலும் பொருந்துகிறது. முழுதாகப் பின்பற்றுகிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு விவரம் பாக்கி இருக்கிறது. டேவன்போர்ட்டில் தங்கிய 12 பேரில் ஒருவர் மட்டும் மற்றவர்களைப் போல ஆகவில்லை. அறிக்கையில் அவர் 19-ஆம் எண். காது சரியாகக் கேட்காது. அதனாலேயே அவரை அங்கிருந்து காது கேளாதோர் விடுதிப் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே பிள்ளைகளிலேயே சின்னவர் இவர், பார்க்க வர ஆளும் கிடையாது. குடிலின் மேட்ரனுக்கு இவர்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. ஸ்கீல்ஸ் தேடிப் போனபோது அவருக்குத் திருமணமாகி, நான்கு குழந்தைகள். ஒரு செய்தித்தாளில் அச்சுக்கோக்கும் வேலை.